நிலவேம்பு வயிற்றுக்கு என்ன செய்யும், எவ்வளவு போதும்?

"அம்மாவுக்கு 62 வயது. மூன்று மாதமாகப் பசியே எடுப்பதில்லை, கொஞ்சம் சாப்பிட்டாலும் வயிறு உப்பிக்கொள்கிறது. தினமும் காலையில் ஒரு டம்ளர் நிலவேம்புக் கஷாயம் குடித்தால் சரியாகிவிடும் என்று அத்தை சொல்கிறார். அது டெங்குக் காய்ச்சலுக்குக் கொடுத்ததுதானே, வயிற்றுக்கும் ஆகுமா? அம்மா சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார், தொடர்ந்து குடிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வயிற்றுக்கு ஆகும். காய்ச்சலுக்குப் பேர்பெறுவதற்கு வெகுகாலம் முன்பே நிலவேம்பு வயிற்று மருந்துதான். அத்தை சொன்னதில் எனக்கு ஒப்பாதவை இரண்டு: "ஒரு டம்ளர்", "தினமும்". மூன்று மாதம் என்று நீங்கள் சொன்னதும் உறுத்துகிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. அப்பா மதுரைப் பக்கம் ஒரு சின்ன டவுனில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். நான் தாவரவியல் படித்துவிட்டு, சித்த மருந்து தயாரிக்கும் இடங்களில் சரக்கைத் தரம் பார்க்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன். வைத்தியர் அல்ல. செடியும் சரக்கும் தெரியும், அவ்வளவுதான்.

அப்பா நிலவேம்புக் கட்டு வாங்கும்போது ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மெல்லுவார். நாலைந்து கட்டு பார்த்து முடித்த அன்று மத்தியானம் வரைக்கும் காபி, சோறு, வெற்றிலை எதுவும் அவருக்கு ருசிக்காது. அம்மா அன்றைக்குச் சமையலில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அவரிடம் கேட்கவே மாட்டார். அப்படி ஒரு கசப்பு. வேப்பிலையை மென்று பழகியவர்கள்கூட இதற்கு முகம் சுளிப்பார்கள். ஆங்கிலத்தில் இதைக் கசப்புகளின் அரசன் என்று சொல்லும் வழக்கம் சும்மா வந்ததில்லை. மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்கிறார்கள், பூமியின் பித்தநீர் என்று பொருள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பாவில் இதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு கசப்புப் பூண்டுக்கு லத்தீனில் பழங்காலத்திலிருந்தே இருக்கும் பெயருக்கும் பூமியின் பித்தநீர் என்றுதான் அர்த்தம். அதையும் அங்கே வயிற்றுக்குத்தான் குடித்தார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 2012 டெங்கு சமயத்திலிருந்து தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஊற்றிக் கொடுத்தது நிலவேம்புக் குடிநீர். அதில் ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். அது காய்ச்சலுக்கென்று கட்டிய சேர்மானம். கடையில் "நிலவேம்புப் பொடி" என்று மட்டும் எழுதி விற்பது தனிச் செடியை இடித்தது. இரண்டும் ஒன்றில்லை, அளவும் ஒன்றில்லை. அத்தை எதைச் சொன்னார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். பல ஊர்களில் நிலவேம்பைத்தான் சிறியாநங்கை என்பார்கள். வேறு சில ஊர்களில் அந்தப் பெயர் வேறு செடிக்கு. (சிறியாநங்கை வீட்டில் இருந்தால் பாம்பு வராது, கடித்தவருக்கு இலை கசக்காவிட்டால் விஷம் ஏறிவிட்டது என்றெல்லாம் சொல்வார்கள். பாம்பு கடித்தவருக்கு இலை கசக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.) வடக்கே இமயமலைப் பக்கம் விளையும் சிரைதா என்ற இன்னொரு கசப்புச் செடியும் உண்டு. அது விலை அதிகம் என்பதால் அதன் இடத்தில் நிலவேம்பைப் போட்டு விற்கும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. வங்காளிகள் அந்தச் சிரைதாவை இரவில் ஊறப்போட்டுக் காலையில் வெறும் வயிற்றில் அந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள். நம் ஊரில் சிலர் நிலவேம்பை ஊறவைத்துக் குடிக்கிறார்களே, அதுவும் இதுவும் செடி வேறு, எண்ணம் ஒன்று.

அடையாளம் சுலபம். தண்டை விரலிடையில் உருட்டினால் நாலு பட்டையாகத் தட்டுப்படும். இலை மிளகாய் இலை மாதிரி நீளமாக, இரு முனையும் கூராக இருக்கும். பூ சின்னது, வெள்ளை, உதட்டில் ஊதாப் புள்ளி. காய் முற்றினால் தானே வெடித்து விதையைத் தெறிக்கவிடும். ஒரு செடி தொட்டியில் இருந்தால் அடுத்த மழைக்குப் பக்கத்துத் தொட்டியெல்லாம் நிலவேம்புதான். கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற பொருளை 1911 இலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். அது இலையில்தான் அதிகம், தண்டில் குறைவு. பூக்கத் தொடங்கும் பருவத்தில் அறுத்தால் நல்ல சரக்கு. கடைக்கு வரும் கட்டில் பாதிக்கு மேல் வெறும் குச்சியாக இருந்தால், காசு குச்சிக்குத்தான் போகிறது. பொடியாக வாங்கினால் அதில் எவ்வளவு குச்சி என்று கண்ணால் தெரியாது. அதனால்தான் காய்ந்த செடியாகவே வாங்கச் சொல்வேன். பச்சை நிறம் மங்காமல், இலை நிறைய ஒட்டியிருக்கும் கட்டு நல்லது. பழுப்பேறி, வைக்கோல் மணம் அடித்தால் பழசு.

சரி, வயிற்றுக்கு வருவோம்.

மரபில் இதைக் கொடுத்தது பெரும்பாலும் மந்தத்துக்கு. சாப்பிட்டது அப்படியே கிடப்பது, பசி தெரியாமல் போவது, நாக்கில் மாவு படிந்த மாதிரி இருப்பது. குறிப்பாகக் காய்ச்சல் விட்ட பிறகு. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவருக்குக் காய்ச்சல் போயிருக்கும், ஆனால் சோற்றைப் பார்த்தாலே பிடிக்காது. நாக்கு செத்துப்போச்சு என்பார்களே, அந்த நிலை. கஞ்சி, பருப்புத் துவையல், சுட்ட அப்பளம், நார்த்தங்காய் ஊறுகாய் என்று வீட்டில் நாக்கைத் திரும்ப எழுப்பப் பார்ப்பார்கள். அந்த வரிசையில்தான் நாலு நாள் நிலவேம்பும் வரும். பூச்சித் தொல்லைக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இன்றைக்குக் குழந்தைக்குப் பூச்சி என்றால் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று போதும், கசப்பைப் புகட்டி அழவிட வேண்டியதில்லை. கழிச்சலுக்கும் கொடுப்பதுண்டு. தாய்லாந்தில் ஃபா தலாய் சோன் என்று இதே செடிதான். தொற்றில்லாத வயிற்றுப்போக்குக்கு இதை அந்நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே வைத்திருக்கிறார்கள். ஈரலுக்கு நல்லது என்று வங்காளத்தில் கால்மேக் என்ற பெயரில் சிரப்பாகக் காலகாலமாக விற்கிறது.

வங்காளத்தில் இன்னொன்றும் செய்வார்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆலுயி என்று பெயர். நிலவேம்பின் பச்சை இலையைச் சாறு பிழிந்து, அதில் ஏலக்காய், கிராம்பு, பட்டை மாதிரியான வாசனைச் சரக்கைச் சேர்த்து, வெயிலில் காயவைத்துக் குட்டிக் குட்டி உருண்டையாக உருட்டி வைத்துக்கொள்வது. கைக்குழந்தைக்கு வயிறு முறுக்கினால், மலம் ஒழுங்கில்லாமல் போனால், பால் குடிக்க மறுத்தால் அதில் ஒன்றைக் கொடுப்பார்கள். நம் வீடுகளில் வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாவற்றையும் கல்லில் உரசிப் புகட்டும் உரை மருந்தின் அண்ணன் தம்பி முறை அது. (இதைப் படித்துவிட்டு யாரும் கைக்குழந்தைக்குச் செய்து கொடுத்துவிடாதீர்கள். வழக்கம் இப்படி இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.)

ஆலுயியில் அந்த ஏலக்காயும் கிராம்பும் எதற்கு? ருசிக்கு என்று நினைத்தால், இந்தக் கசப்பை ஒரு மூட்டை ஏலக்காய்கூட மறைக்காது. காரணம் வேறு. சித்த மருத்துவக் கணக்கில் கைப்புச் சுவை காற்றும் ஆகாயமும் சேர்ந்தது. பித்தத்தையும் கபத்தையும் அடக்கும், ஆனால் வாயுவை ஏற்றும். ஆகவே தனிக் கசப்பைக் கொடுத்தால் பசி வரலாம், கூடவே உப்புசமும் வரும். அதை இறக்க ஒரு வாசனைச் சரக்கு துணைக்குப் போக வேண்டும். நம் குடிநீரில் சுக்கும் மிளகும் இருப்பதைப் பாருங்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில் 1868 இல் வந்த இந்திய மருந்து நூலிலும் நிலவேம்பு இருக்கிறது. அதில் சொன்ன ஊறல் நீரில் நிலவேம்போடு ஆரஞ்சுத் தோலும் கொத்துமல்லி விதையும் சேர்கிறது. வங்காளத்துப் பாட்டி, தமிழ் வைத்தியர், லண்டன் டாக்டர் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே உப்புசம் என்கிறீர்கள். வெறும் நிலவேம்பை ஒரு டம்ளர் கொடுத்தால், எனக்குத் தெரிந்தவரை, உப்புசம் கூடத்தான் செய்யும்.

கசப்பு எப்படிப் பசியைத் தூண்டுகிறது என்பதற்கு இன்றைய விளக்கம் ஓரளவு இருக்கிறது. மனிதருக்குக் கசப்பை உணர ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் உண்டு. இனிப்புக்கு இவ்வளவு கிடையாது. இயற்கையில் விஷம் பெரும்பாலும் கசக்கும் என்பதால் உடம்பு அந்தப் பக்கம் காவலைப் பலமாகப் போட்டிருக்கிறது. அந்த ஏற்பிகள் நாக்கில் மட்டும் இல்லை, இரைப்பையிலும் குடலிலும் இருக்கின்றன என்பது பிறகு தெரியவந்தது. கசப்பு பட்டதும் எச்சில் ஊறுகிறது, செரிமானச் சுரப்புகள் அசைகின்றன. நாக்கில் பட்டால்தான் வேலை செய்யும், மாத்திரையாக விழுங்கினால் பயனில்லை என்று பழைய ஆட்கள் அடித்துச் சொல்வார்கள், நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிவந்தேன். 2017 இல் வியன்னா ஆய்வாளர்கள் காஃபீனை வைத்து ஒரு சோதனை வெளியிட்டார்கள். காஃபீன் வாயில் படாமல் வயிற்றுக்குப் போனபோது அமிலச் சுரப்பு கூடியது. வாயில் மட்டும் பட்டபோது சுரப்பு தாமதமானது. நான் சொல்லிவந்ததற்கு நேர் எதிர். காஃபீனும் நிலவேம்பும் ஒன்றில்லைதான். ஆனாலும் அதற்கப்புறம் நான் அடித்துச் சொல்வதை விட்டுவிட்டேன்.

இருந்தும் மாத்திரை, கேப்ஸ்யூல் எனக்குப் பிடிக்காததற்கு வேறு காரணம் இருக்கிறது. இந்தச் செடிக்குக் கசப்புதான் அளவுகோல். கஷாயமாகக் குடித்தால் இரண்டு மடக்குக்கு மேல் இறங்காது, உடம்பே போதும் என்று சொல்லிவிடும். கேப்ஸ்யூலில் அந்தக் காவல்காரன் கிடையாது, காலை இரண்டு மாலை இரண்டு என்று போய்க்கொண்டே இருக்கும். வெல்லத்தையும் தேனையும் கொட்டிக் குடிப்பதும் அதே கதைதான். அளவு மீறினால் என்ன ஆகும் தெரியுமா? குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, கூடவே பசியின்மை. பசிக்காகக் குடித்தது பசியையே கெடுக்கும். கல்லூரி நாளில் காய்ச்சல் விட்டதும் சீக்கிரம் தேற வேண்டும் என்று ஒரு பெரிய டம்ளர் நிறையக் காய்ச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். அரை மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது. அப்பா திட்டவில்லை. "சங்கில் குடிக்க வேண்டியதைச் சொம்பில் குடிச்சா இப்படித்தான்" என்றார்.

அப்படியானால் எவ்வளவு? பெரியவர்களுக்கு நாங்கள் கடையில் சொல்லிக் கொடுத்தது இது. காய்ந்த செடியை ஒன்றிரண்டாக இடித்து ஒரு தேக்கரண்டி. சுண்டைக்காய் அளவு சுக்கைத் தட்டி அதோடு. அரைத் தேக்கரண்டி சீரகம் அல்லது கொத்துமல்லி விதை. 200 மில்லி தண்ணீர் விட்டு, சிறு தீயில் கால் பங்காகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டினால் 50 மில்லி போல வரும். அதில் 30 மில்லி, அதாவது இரண்டு பெரிய கரண்டி, சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன்பு, ஒரு நாளைக்கு ஒரு வேளை. அன்றன்றைக்குக் காய்ச்சுவது, மீந்ததைக் கொட்டிவிடுவது. மூன்று நாளில், மிஞ்சினால் ஐந்து நாளில் பசி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பத்தாவது நாளிலும் தெரியப்போவதில்லை. நெஞ்சு எரிச்சலும் புளித்த ஏப்பமும் உள்ளவர்களுக்கு, வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு, இந்த வழியே வேண்டாம். சுரப்பு குறைந்த வயிற்றைத் தட்டி எழுப்பத்தான் கசப்பு, ஏற்கெனவே எரிகிற வயிற்றுக்கு அது எதற்கு?

குடலுக்கு இதை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பாதியை மட்டும் சொல்லி விளம்பரம் செய்கிறவர்கள் உண்டு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி உள்ள 224 பேருக்கு நிலவேம்புச் சாரத்தை எட்டு வாரம் கொடுத்துப் பார்த்து 2013 இல் முடிவை வெளியிட்டார்கள். நாளுக்கு 1,800 மில்லிகிராம் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு நல்ல மாற்றம், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 40 சதவீதம் பேருக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. அடுத்த கட்டமாகப் பெரிய அளவில் ஆரம்பித்த ஆய்வை, பலன் தேறாது என்று இடைக்கணக்கில் தெரிந்ததால் 2014 இல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். விளம்பரத்தில் முதல் பாதி மட்டும் வரும்.

யார் தொடவே கூடாது என்பதும் இருக்கிறது. கர்ப்பிணிகளும், குழந்தைக்கு ஆசைப்பட்டுக் காத்திருப்பவர்களும், பாலூட்டுபவர்களும் வேண்டாம். விலங்குச் சோதனைகளில் கருத்தரிப்பைப் பாதித்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சிலருக்கு அலர்ஜி வரும், அரிதாகக் கடுமையாகவும் வரும். ஆஸ்திரேலிய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015 இல் இதைத் தனியாக ஆராய்ந்து எச்சரித்தது. நாக்கில் ருசியே தெரியாமல் போனதாகவும் அங்கே புகார்கள் வந்திருக்கின்றன. அப்பாவின் காபி எனக்கு ஞாபகம் வந்தது.

இப்போது உங்கள் அம்மா. சர்க்கரைக்கு எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. மெட்ஃபார்மின் என்றால், பசியைக் குறைப்பதும் வயிற்றைக் கலக்குவதும் அதன் குணமே. சமீபத்தில் அளவைக் கூட்டினார்களா என்று பாருங்கள். மாத்திரையால் போன பசியை நிலவேம்பால் பிடித்து இழுப்பது வீண் வேலை, டாக்டரிடம் சொன்னால் அளவையோ வகையையோ மாற்றித் தருவார். கிளிமிப்பிரைடு மாதிரி சர்க்கரையை நேராக இறக்கும் மாத்திரை என்றால் கவலை வேறு. நிலவேம்புக்கும் சர்க்கரையை இறக்கும் தன்மை உண்டு. பசியில்லாமல் குறைவாகச் சாப்பிடுகிறவருக்கு, மாத்திரையும் போட்டு, வெறும் வயிற்றில் இதையும் கொடுத்தால் தலைசுற்றி விழ வாய்ப்பிருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் குடிப்பது உங்கள் வீட்டில் சரிவராது.

அப்புறம் அந்த மூன்று மாதம். மந்தம் என்று வைத்தியர்கள் சொன்னது நாள் கணக்கில் வந்து போவது. 62 வயதில் புதிதாக ஆரம்பித்து மூன்று மாதமாகப் பசி இல்லை என்றால் காரணம் என்னவென்று பார்த்தே ஆக வேண்டும். எடை குறைந்திருக்கிறதா? பழைய ரவிக்கை தொளதொளக்கிறதா என்று கேட்டால் சொல்லிவிடுவார். மலம் கறுப்பாகப் போகிறதா, விழுங்கும்போது அடைக்கிறதா, நாலு வாய்க்குள் வயிறு நிறைந்துவிடுகிறதா, வெளிறிப்போய் மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாலும் பத்து நாளுக்குள் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனை, தைராய்டு, தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி என்று அவர் சொல்வதைச் செய்துவிட்டு, ஒன்றுமில்லை என்று ஆனபின் நிலவேம்பைப் பற்றி அவரிடமே கேட்டு, மேலே சொன்ன அளவில் மூன்று நாள் கொடுத்துப் பாருங்கள்.

அதுவரைக்கும் கசப்பு வேண்டும் என்றால் சாப்பாட்டிலேயே கொடுக்கலாம், அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். சுண்டைக்காய் வற்றலை நல்லெண்ணெயில் பொரித்து இரண்டு மூன்று, முதல் பிடி சோற்றோடு. பிள்ளை பெற்றவளுக்குச் சுண்டைக்காய் வற்றல், வேப்பம்பூ எல்லாம் சேர்த்து இடித்த அங்காயப் பொடி போட்டு முதல் கவளம் பிசைந்து கொடுப்பதும் இதே கணக்கில்தான். வாரத்தில் இரண்டு நாள் வேப்பம்பூ ரசம் வையுங்கள். பூவை ரசத்தில் போட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பு முழுக்க இறங்கி அம்மா கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். தனியாக நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, ரசத்தை அடுப்பிலிருந்து இறக்கியபின் மேலே போட்டு மூடி வையுங்கள்.